கேலிக் நீர்ப்பெயர்களைக் கேட்டு எழுதும் முறை

ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே உள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து லூயிஸின் மேற்குக் கரைக்குச் செல்லும் சாலையில் முதன்முறையாகப் பிரயாணம் செய்பவர், இருமருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பு நிறமாக விரிந்து கிடக்கும் கரிமண் வெளியைப் பார்த்து, இங்கே பெயரிடத் தகுந்தது ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆயினும், பீட் என்னும் அந்தக் கரிமண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்தவர்களும், கோடைகாலத்தில் மாடுகளை ஓட்டிச் சென்று ‘ஆரி’ எனப்படும் மேய்ச்சற்குடில்களில் தங்கிப் பால் கறந்த பெண்களும், தப்பிய ஆட்டைத் தேடி மூடுபனியில் நடந்தவர்களும், அங்குள்ள ஒவ்வொரு குட்டைக்கும் ஓடைக்கும் பள்ளத்துக்கும் பெயர் சொல்லி வந்தார்கள். பெயர் இல்லாத வெளியில் ஆடு நிற்குமிடத்தை அண்டை வீட்டாருக்குச் சொல்ல வழியேது? அந்த வெளியில் 181 காற்றாலைகள் நிறுத்தும் திட்டம் ஒன்று எழுந்து, பறவைகளின் வாழிடத்தைக் காக்கும் ஐரோப்பிய விதிகளை முன்னிட்டு 2008 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசாங்கத்தால் நிராகரிக்கப்பட்டது என்பதையும், அந்த விவாதத்தின்போது உள்ளூர் அறிஞர்கள் கரிமண் வெளிக்குரிய சொற்களைத் திரட்டினார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், பெயர்களைக் குறித்து வைப்பது பழம்பொருள் ஆர்வலரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத் தோன்றாது.

இந்தக் காரியத்தை முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் ராணுவத்தார். ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசாங்க நில அளவைத் துறை, லூயிஸ் தீவை 1848 முதல் 1852 வரை அளந்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் படம் வரைந்தது. படத்தோடு கூடவே ‘பெயர்ப் புத்தகங்கள்’ என்ற கையெழுத்துப் பதிவேடுகளையும் வைத்துக்கொண்டார்கள். படத்தில் எழுதப்படும் பெயர், அதற்கு வழங்கிய வேறு எழுத்து வடிவங்கள், அவ்வடிவங்களுக்குச் சாட்சி சொன்னவர்கள், இருக்குமிடம், வருணனை எனப் பத்தி பத்தியாக வகுத்த அந்த ஏட்டின் அமைப்பைப் பார்த்தால், அதை வகுத்தவரின் புத்திக்கூர்மையை மெச்சாமல் இருக்க முடியாது. குறை அமைப்பில் இல்லை. அதை நிரப்பிய காதுகளில் இருந்தது. அளக்க வந்த சிப்பாய்களுள் பெரும்பாலோருக்கு அங்கே வழங்கும் கேலிக் பாஷை தெரியாது; சாட்சிகளாகவோ, ஆடு மேய்ப்பவரைக் காட்டிலும் நிலக்கிழாரின் காரியஸ்தரும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் நம்பத்தக்கவர்கள் என்ற எண்ணம் மேலோங்கி இருந்தது. ஆகவே, அந்த ஏடுகளை நீங்கள் கட்டாயம் படிக்கவேண்டும். ஆனால் களத்துக்குப் போய் வந்த பிறகு ஒப்புநோக்கும் பொருட்டே படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முன்கூட்டிப் படித்தவரின் காது, படித்ததைத்தான் கேட்கும்.

இந்த அத்தியாயம் முழுவதும் வற்புறுத்துவது ஒரே ஒரு கிரமத்தை: ஒலி முதலில், இடம் இரண்டாவது, சொன்னவர் மூன்றாவது, பொருள் கடைசியில். புதிதாகப் பெயர் தொகுக்கப் போகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பெயரைக் கேட்டவுடன் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டு, கிடைத்த அர்த்தத்துக்கு ஏற்ப எழுத்துக்களைத் திருத்தி, அகராதிச் சொல் ஒன்றை ஏட்டில் ஏற்றிவிட்டு, உண்மையில் காதில் விழுந்த ஒலியைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். அர்த்தத்தைப் பின்னால் எந்தப் பண்டிதரும் ஆராய்ந்து சொல்லலாம். எண்பது வயது முதியவர் ஒருவர் தம் வாயால் சொன்ன உச்சாரணத்தை எந்தப் பண்டிதரும் பின்னால் மீட்டுத் தர இயலாது.

ஒலியைக் குறிப்பதில் தமிழ்க் காது படைத்தவருக்குச் சில சௌகரியங்கள் உண்டு. ஏரிக்கும் கடல் உட்புகுந்த நீர்ப்பரப்புக்கும் பொதுவாக வழங்கும் ‘லொஃக்’ என்ற சொல்லின் இறுதியில் வரும் தொண்டையொலி, ஆங்கிலேயர் பலருக்கு வெறும் ககரமாகத் தேய்ந்துபோகிறது. ஆய்தத்தை நினைவில் வைத்திருப்பவர் அதைத் தவறவிடமாட்டார். ‘கூஃகன்’ என்ற சொல்லின் முதலில் வரும் உயிர், உதடு குவியாமல் ஒலிக்கும் நீண்ட உகரம்; நம் குற்றியலுகரத்தை இழுத்துச் சொன்னால் ஏறக்குறைய அதுவாகும். தகரம் பல்லை ஒட்டி ஒலிப்பதும் நமக்குப் புதிதன்று. எனவே, சர்வதேச ஒலிக்குறிகளைக் கற்கும்வரை தமிழ் எழுத்திலேயே முதற்குறிப்பை எழுதிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தீவுகளில் காற்று ஓய்வதே அபூர்வமாதலால், ஒலிவாங்கிக்கு ரோம உறை போடவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சொல்லின் முதலெழுத்து மாறுவது நமக்கு விசித்திரமாகத் தோன்றும் விஷயம். ‘மோர்’ என்றால் பெரிய என்று பொருள். ‘லொஃக் மோர்’ என்பது பெரிய ஏரி. ஆனால் ஆற்றைக் குறிக்கும் ‘அவிஞ்’ பெண்பாற் சொல்லாதலால், பெரிய ஆறு ‘அவிஞ் வோர்’ ஆகிவிடுகிறது. நம் புணர்ச்சியில் வலி மிகும். அவர்கள் புணர்ச்சியில் வலி மெலியும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இந்த மெலிவைக் கேலிக் எழுத்தில் மெய்யெழுத்தின் பின் ஹகரம் சேர்த்துக் காட்டுவார்கள். பழைய படங்களில் அந்த ஹகரம் பல இடங்களில் விடுபட்டிருக்கிறது. வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் உட்பகுதியும் மாறும். சிற்றாற்றுக்குப் பெயரான ‘அவுல்ட்’, ‘ஓடையின் அடி’ என்று சொல்லும்போது ‘புன் அன் ஊல்ச்’ என்று வருகிறது. ஆற்றங்கரை என்ற சொல்லைக் கேட்டு ‘ஆற்றம்’ என்றொரு நதி இருப்பதாக எழுதிவைக்கும் அயலாரை நாம் பார்த்துச் சிரிப்போம் அல்லவா? அதே தவற்றை நாம் அங்கே செய்யாதிருக்க, இத்தகைய மாற்றங்களின் சிறு அட்டவணை ஒன்றைக் குறிப்பேட்டின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்வது நலம். பென் நெவிஸ் மலையின் வடபுறத்தில் ஓடும் ‘அவுல்ட் அ வுலிஞ்’ என்பது ஆலையின் ஓடை. ஆலைக்குரிய தனிச்சொல் மகரத்தில் தொடங்குவதை அறியாதவர் அதை அகராதியில் வகரத்தில் தேடிக் களைத்துப்போவார்.

ஓடைகளுக்கு வருவோம், இந்தத் துறையில் கேலிக் பாஷையின் செல்வம் மலைக்கத்தக்கது. ‘அவிஞ்’ என்பது ஆறு, ‘அவுல்ட்’ என்பது சிற்றாறு என்று அகராதி சொல்லும். ஆனால் களத்தில், ஒரு பள்ளத்தாக்கில் அவிஞ் என்று பெயர்பெற்றது, அடுத்த பள்ளத்தாக்கின் அவுல்ட்டைவிட ஒல்லியாக இருப்பதைக் காண்பீர்கள். அதைத் திருத்த உங்களுக்கு அதிகாரமில்லை. ‘கூஃகன்’ என்பது ஹெதர்ப் புதர்களால் மூடப்பட்டு, நடப்பவரின் கண்ணுக்குப் புலப்படாமல் ஓடும் மிகச் சிறிய நீர்க்கோடு. குருடு என்று பொருள்படும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு. காலை வைத்தால்தான் தெரியும், அல்லது காதைக் கொடுத்தால் தெரியும். ‘ஃபேதன்’ என்பது ஏரியிலிருந்து வெளியேறும் மெல்லிய கால். குழலுக்கும் அதுவே பெயர். ‘ஃபே’ என்பது சதுப்பின் ஊடே கசிந்து செல்லும் நீர்த்தடம். உடம்பின் நரம்புக்கும் அதே சொல் வழங்குகிறது என்று அறிந்தபின், மழை விட்ட மாலையில் உயரமான இடத்திலிருந்து அந்த வெளியைப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ‘லோன்’ என்ற சொல்லோ, பல இடங்களில் ஈரப் புல்வெளியையும், ஸ்கை தீவில் ஓடையையும் குறிக்கும். ஆகையால் ‘ஓடை’ என்று மொழிபெயர்த்து எழுதி அத்துடன் நிறுத்திவிடாமல், அகலம் எத்தனை அடி, மண் அடியா கல் அடியா, கோடையில் வற்றுமா, கண்ணுக்குத் தெரிகிறதா என்பவற்றைக் களத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். சொல்லுக்கும் நிலத்துக்கும் உள்ள பொருத்தம் இவ்விரண்டு வரிகளிலிருந்துதான் பின்னால் துலங்கும்.

ஓடையைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. ஒரே நீரோட்டம் தன் நெடுகிலும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கும் என்பது படம் வரைபவர்களின் நம்பிக்கை; கரையில் வாழ்பவர்களின் வழக்கம் வேறு. மேலே குடில்களின் அருகே ஒரு பெயரும், நடுவே பாறையின் பக்கம் இன்னொரு பெயரும், ஊருக்குள் நுழைந்த பின் மூன்றாவது பெயரும் இருக்கலாம். பெயரைக் கேட்டவுடன், ‘எங்கிருந்து எதுவரை?’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியே இடக்குறிப்பு எடுக்கவேண்டும்.

ஏரிப் பெயர்களில் நார்ஸ் பாஷையின் படிவம் ஒன்று மறைந்து கிடக்கிறது. இந்தத் தீவுகள் 1266 ஆம் ஆண்டுப் பெர்த் உடன்படிக்கை வரையில் நார்வே மன்னருக்கு உரியவையாக இருந்தன; அக்காலத்துக் குடியேறிகள் விட்டுச்சென்ற பெயர்களைக் கேலிக் நாவு தன் ஒலிக்கு இசைய வழங்கிவந்தது. லூயிஸின் பெரிய ஏரியான ‘லொஃக் லங்கவாத்’தில், நார்ஸ் மொழியின் ‘நீண்ட ஏரி’ முழுவதும் அடங்கியிருக்க, அதன் முன்னே கேலிக் மொழியின் ஏரியும் வந்து நிற்கிறது. ‘நடுசென்டர்’ என்று நாம் சொல்வது போலத்தான். ‘லாஃகசவாத்’ என்ற பெயரில் சால்மன் மீனும் ஏரியும் நார்ஸ் உருவில் இருக்கின்றன. இவற்றைப் பிரித்தறிய ஒரு நுட்பமான உதவி, அழுத்தம். கேலிக் பெயரில் ஏரி, ஓடை என்ற பொதுச்சொல் முன்னே வர, சிறப்புச்சொல் பின்னே வந்து, அந்தச் சிறப்புச்சொல்லின்மேல் அழுத்தம் விழும். நார்ஸ் தொகையில் பொதுச்சொல் பின்னே வருவதால், முதலசையே அழுத்தம் பெறும். அகராதியைத் திறக்காமலே, அழுத்தத்தைக் கொண்டு ஒரு பெயர் எந்தப் படிவத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம் என்பதால், கேட்ட ஒலியின்மேல் அழுத்தக் குறியிடாத பதிவு பாதிப் பதிவே. ராஸ் பிரதேசத்திலே பிறந்து, கேலிக்கைத் தாய்மொழியாகக் கொண்ட டபிள்யூ. ஜே. வாட்சன், 1904 இல் வெளியிட்ட ராஸ், குரோமர்ட்டி இடப்பெயர் நூலில், படத்திலுள்ள எழுத்தை நம்பாமல் ஜனங்களின் வாய்வழக்கை ஆதாரமாகக் கொண்டு விளக்கம் எழுதினார். அவருடைய நூல் இன்றும் நிற்பதற்கு அதுவே காரணம்.

நிறப்பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘கொரம்’ என்ற சொல் மலையின் நீலத்தையும் புல்லின் பசுமையையும் சேர்த்துக் கொள்ளும். ‘கிளாஸ்’ சாம்பலுக்கும் பசுமைக்கும் நடுவே எங்கோ நிற்கும். ‘உவானெ’ தெளிந்த பச்சை. பச்சை ஏரி, நீல ஏரி என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, மூலச்சொல்லை விட்டுவிட்டால் மூன்றும் குழம்பிப்போகும்.

பள்ளங்களே இந்த வேலையில் கடினமானவை. ஏரிக்குக் கரை உண்டு, ஓடைக்குக் கோடு உண்டு, பள்ளத்துக்கு எல்லை ஏது? ‘லக்’ என்பது பொதுவாகத் தாழ்ந்த இடம்; ‘கிளஃக்’ என்பது இரு மேடுகளுக்கிடையே ஒதுங்கிய பள்ளம், உள்ளங்கைக்கும் அதுவே பெயர்; ‘ஸ்லொஃக்’ செங்குத்தாக இறங்கும் குழி; ‘கொரெ’ மலையின் மார்பைக் குடைந்தது போன்ற பெரிய வட்டப் பள்ளம், சமைக்கும் கொப்பரையின் பெயரால் வழங்குவது. உள்ளங்கையும் கொப்பரையும் தெரிந்தவருக்கு இவற்றின் வடிவம் கண்முன் நிற்கும். உடல் உறுப்புகளால் நிலத்தைச் சொல்வது கேலிக்குக் கைவந்த கலை. முதுகு, மூக்கு, வாய், மார்பு எல்லாம் அங்கே மலைகளில் உண்டு. சில, சபையில் சொல்லக் கூசும் உறுப்புகள். கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடரில் ஒரு சிகரத்துக்குக் கேலிக்கில் பேயின் ஆண்குறி என்றே பெயர். ஆங்கிலப் படத்தில் அது ‘பேயின் முனை’ என்று நாகரிகம் அடைந்திருக்கிறது. நீங்களோ, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். நாணம் பதிப்பாசிரியர் பொறுப்பு.

பள்ளத்தின் இடக்குறிப்பை அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் எடுத்து, பரப்பைச் சொற்களால் எழுதுவதே சரியான முறை. பிரிட்டனின் தேசியக் கட்டத்தில் இரண்டு எழுத்துக்களும் ஆறு எண்களும் கொண்ட குறிப்பு நூறு மீட்டர்ச் சதுரம் ஒன்றைத்தான் காட்டும். எட்டு எண்கள் பத்து மீட்டர் வரை இறங்கும். கூஃகனுக்கும் கிளஃக்குக்கும் நூறு மீட்டர் மிகவும் பெரிது; எட்டு எண்ணுக்குக் குறைந்த குறிப்பை ஏற்காதீர்கள்.

இனி, கேட்கும் முறை. கேலிக் பேசுவோர் தொகை 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 57,000. கரிமண் வெளியின் பெயர்களை அறிந்தவர்களோ அவர்களுள் ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் முதியோர். நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ, நீங்கள் என்ற பேதம் உண்டு. பெரியவர்களிடம் ‘ஷிவ்’ என்றே பேசவேண்டும். ‘ஜே ஃகனஸ் ஷிவ் ரி ஷோ?’ என்ற ஒரு வாக்கியம், அதாவது ‘இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?’ என்பது, உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும். அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ‘நீங்கள் யாரைச் சேர்ந்தவர்?’ என்ற பொருளுடைய கேள்வியாக இருக்கும். ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற நம் ஊர்க் கேள்விதான், விசாரணையாக எண்ணி மிரளவேண்டாம். ‘ஸ்த்ரூபக்’ எனப்படும் தேநீரும் பலகாரமும் வந்தால் மறுக்காதீர்கள். பெயர்கள் அதற்குப் பிறகே வரும். லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாக உறுதியோடு அனுசரிக்கப்படுகிறது; அன்று குறிப்பேட்டோடு எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. பதிவு செய்வதற்கும், குரலைப் பாதுகாப்பதற்கும், பெயரை வெளியிடுவதற்கும் தனித்தனியே சம்மதம் பெறுங்கள்.

அச்சிட்ட படத்தை முதலில் மேஜைமேல் விரிக்காதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். படத்தைக் கண்டவுடன் முதியவர் அதிலுள்ள எழுத்தை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். சர்க்கார் அச்சிட்டது தம் தாயார் சொன்னதைவிடச் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதையும் கூடிவிடுகிறது. நடக்க இயலுமானால் அவரோடு நடந்து போங்கள். இயலாவிட்டால், ‘குடிலுக்கு மாடு ஓட்டிப் போன வழியைச் சொல்லுங்கள், வீட்டை விட்டுக் கிளம்பியதும் முதலில் எதைத் தாண்டினீர்கள்?’ என்று கேளுங்கள். வழி நினைவுக்கு வந்தால் பெயர்கள் தாமாக வரிசையில் வரும். வரிசை தவறாமல் வருவதே அவற்றின் இடத்துக்கும் சான்றாகும். ஓர் இடத்துக்குப் பெயர் தெரியாது என்று அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள். இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், சமரசம் செய்யாதீர்கள்.

பதிவுத்தாளில் மூன்று வடிவங்கள் அருகருகே நிற்கவேண்டும்: கேட்ட ஒலி, கேலிக் எழுத்து மரபுக்கேற்ற வடிவம், பழைய படங்களிலும் ஏடுகளிலும் கண்ட வடிவங்கள், பிழையோடு உள்ளபடியே. இந்த எழுத்து மரபு 1981 இல் வகுக்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்டது. நெடிலைக் காட்ட இடப்புறம் சாய்ந்த குறி ஒன்றே அதில் உண்டு, வலப்புறம் சாய்ந்த குறி கைவிடப்பட்டது. கணினியில் ஏற்றும்போது இக்குறிகள் உதிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வடிவத்தை நாமாக நிர்ணயிக்காமல், இடப்பெயர்களுக்கென்றே ஸ்காட்லாந்தில் இயங்கும் ‘அய்ன்மென்-ஆச்செ நா ஹ்அலப’ என்னும் அமைப்பின் தீர்மானங்களோடு ஒப்பிட்டுக்கொள்வது முறை. ஒலிக்கு ஒப்புமை வேண்டுமானால், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951 இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுக் கல்லூரியின் பழைய நாடாக்கள் உள்ளிட்ட ஒலிப்பதிவுகள், ‘தோபர் அன் தூஅல்ஃகஷ்’ என்ற இணையக் காப்பகத்தில் கேட்கக் கிடைக்கின்றன. மரபின் கிணறு என்பது அதன் பொருள், அதுவும் ஒரு நீர்ப்பெயர்தான்.

படம் வரைவதில் சொல்ல அதிகமில்லை. நீர்ப்பெயர்களை நீல எழுத்தில், ஓடையின் வளைவோடு வளைத்து எழுதுவது வழக்கம். பள்ளத்தின் பெயரை எல்லைக்கோடு இடாமல், எழுத்துக்களைச் சற்றே இடைவெளிவிட்டுப் பரப்பி எழுதினால் போதும். இன்றைய ஆர்ட்னன்ஸ் சர்வே படங்களிலிருந்து பெயர்களை அனுமதியின்றி எடுத்துத் திறந்த படங்களில் போடுவது உரிமைச் சட்டத்துக்கு விரோதம். அரசாங்க உரிமை ஐம்பது ஆண்டுகளில் தீர்வதால், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் காட்சிக்கு வைத்துள்ள பழைய ஆறங்குலப் படங்களை அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

முதல் நகல் தயாரானதும் அச்சகத்துக்கு அனுப்புமுன், அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பெயர் சொன்னவரின் வீட்டுக்கே மீண்டும் செல்லுங்கள். இந்த முறை மேஜைமேல் விரிக்கலாம். எழுத்தை வாசித்துக் காட்டாமல் சும்மா உட்கார்ந்து, அவருடைய விரல் வீட்டிலிருந்து கிளம்பிக் குடிலை நோக்கிப் போவதைக் கவனியுங்கள். எழுத்து இல்லாத ஓரிடத்தில் அந்த விரல் தயங்கி நின்றால், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.